வாய் தெரிகிற மாஸ்க்

காய்கறிக் கடைக்காரர் என்னைப் பார்த்து மல்லி வேணுமா என்று கேட்டாலும் பல்லி வேணுமா என்று கேட்டாலும் எனக்கு இரண்டும் ஒன்றுதான். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. கடையில் யாரும் பல்லி விற்பதில்லை என்பதால் மல்லி என்று எடுத்துக்கொண்டு தலையாட்டுவேன்.

எனக்குக் காது கேட்காது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் வந்த மூளைக்காய்ச்சல் கேட்கும் சக்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குள் பேசக் கற்றிருந்தேன். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் என்னை விடவிடவில்லை. குரல் ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாக இருக்கும் என்று சொல்வார்கள், எனக்குத் தெரியாது. காதில் மாட்டும் கருவியில் சத்தம் வரும், சொல் வராது. சொல்லை உதட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதிலும் பாதி எழுத்துகள் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். க-வும் ங-வும் தொண்டையோடு சரி. ட, ண, ள மூன்றும் நாக்கை மடித்துச் செய்கிற வேலை, வெளியே தெரியாது. தெரிகிற பாதியைப் பிடித்துக்கொண்டு, தெரியாத பாதியை முகத்தையும் இடத்தையும் வைத்து நிரப்புவேன். செய்து செய்து அது பழகிவிட்டது. புதிதாகப் பேசுகிறவர்கள் பலருக்கு, நானாகச் சொன்னால் ஒழிய, என் காது விஷயம் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மயிலாப்பூரில் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. அச்சுக்குப் போகும் முன் ஒற்று விட்டுப்போன இடம், சந்தி பிழைத்த இடம் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் சுழிப்பேன். அங்கே யாரும் என்னோடு அதிகம் பேச வேண்டியதில்லை, நானும் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. வீடு மந்தைவெளியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், முதல் மாடி. கணவருக்குத் தரமணியில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். பெண் பார்க்க வந்த அன்று அவருக்கு மேலுதட்டை மூடுகிற மாதிரி அடர்ந்த மீசை. தனியாகப் பேசச் சொன்னபோது, உங்கள் மீசை பேசுவது எனக்குப் புரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை வந்தபோது அதை ஒட்டக் கத்தரித்திருந்தார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கொரோனா வந்தது. எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டார்கள். ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் வாய் காணாமல் போனது.

முதல் வாரம் நான் அதை லேசாக எடுத்துக்கொண்டேன். கண்ணை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். கண் சிரிக்கிறதா கோபிக்கிறதா என்று சொல்லும், அவ்வளவுதான். என்ன கேட்கிறார்கள், எவ்வளவு என்கிறார்கள், இன்றைக்கா நாளைக்கா என்பதையெல்லாம் கண் சொல்லாது. மருந்துக் கடையில் மாத்திரை கேட்டேன். கடைக்காரர் ஏதோ கேட்டார். எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டுங்கள் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் என் தலைக்கு மேலாகப் பின்னால் நின்றவரைப் பார்த்து ஏதோ சொன்னார், அவர் முன்னால் வந்து தன் சீட்டை நீட்டினார், நான் ஓரமாக ஒதுக்கப்பட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அவசரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். சும்மா நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு கடை, பாங்க், ரேஷன் எல்லாவற்றுக்கும் கணவரே போக ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். அன்பினால்தான். ஆனால் பால் பாக்கெட் வாங்கக்கூட இன்னொருவர் வாய் வேண்டியிருக்கிறது என்ற நினைப்பு எனக்குள் முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே தனியாக ரயிலேறி வேலைக்குப் போனவள் நான்.

அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த ஒரே ஆள் மீன்காரம்மா. நொச்சிக்குப்பத்துக்காரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் தங்கச்சி என்பாள். அலுமினியக் கூடையை எங்கள் படியில் இறக்கி வைத்து, மீனை ஆய்ந்துகொண்டே கதை சொல்லுவாள். உதட்டை நன்றாக விரித்துப் பேசுகிறவள், கஞ்சத்தனமே கிடையாது. ஊரிலேயே எனக்குப் படிக்க எளிதான வாய் அவளுடையது. அவள் வீட்டு மருமகள் சண்டை, கடலில் வலை கிழிந்தது, எந்தப் போலீஸ்காரர் நல்லவர் என்பதெல்லாம் எனக்கு அவள் வாயிலிருந்து தெரியும்.

மாஸ்க் வந்த பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். துணி அசைவதை வைத்து நான் தலையாட்டுவேன். ஒரு நாள் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். துணி வேகமாக அசைந்தது. பிறகு நின்றது. என்ன அக்கா என்று கேட்டேன். மறுபடியும் அசைந்தது. மாஸ்க்கைக் கீழே இறக்கப் போனாள், தெருமுனையில் போலீஸ் ஜீப் நிற்பதைப் பார்த்து மேலே இழுத்துக்கொண்டாள். கையால் ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

என்னிடம் தன் துக்கத்தைச் சொல்லியிருக்கிறாள். எதிரே ஒரு முழத்தில் நின்றுகொண்டு நான் அது என்ன என்று தெரியாமல் தலையாட்டியிருக்கிறேன். மீனைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு நேரே போய்த் தையல் மிஷினின் உறையை எடுத்தேன்.

மிஷின் என் சொந்தச் சம்பாத்தியத்தில் மேற்கு மாம்பலத்தில் வாங்கியது, மோட்டார் வைத்தது. என் பிளவுஸ், ஜன்னல் திரை, தலையணை உறை எல்லாம் அதில்தான். அது ஓடும் சத்தம் எனக்குக் கேட்காது. ஆனால் மேஜையில் வைத்த விரல்களிலும் தரையில் ஊன்றிய காலிலும் அதன் நடுக்கம் தெரியும். நூல் சிக்கப்போகிறது, ஊசி மழுங்கிவிட்டது என்பதெல்லாம் அந்த நடுக்கம் மாறுவதில் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தையலில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை என்றுதான் அன்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டம் எளிது. மாஸ்க்கின் நடுவில் வாய் இருக்குமிடத்தில் துணியை வெட்டிவிட்டு, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கை வைத்துத் தைத்துவிட வேண்டும். கடைகள் மூடியிருந்தன. அலமாரியில் புதுப் போர்வை வந்த ஜிப் பை ஒன்று இருந்தது, அதை வெட்டினேன்.

பிளாஸ்டிக் மிஷினுக்குள் நகரவே இல்லை. துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் அந்த இரும்புப் பாதம், ஐஸ்கட்டியில் நாக்கு ஒட்டுவது மாதிரி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. கீழே துணி நகர, மேலே பிளாஸ்டிக் நின்றது. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் கூடு கட்டிவிட்டது. கையால் இழுத்துக்கொடுத்துத் தைத்தேன். தைத்து முடித்ததை லேசாக இழுத்துப் பார்த்தால், தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி தையல் வரிசை நெடுகக் கிழிந்து கையோடு வந்தது. துணியில் ஊசி போனால் இழை விலகிக் கொடுக்கும், ஓட்டை மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். நான் வழக்கம்போலப் பொடித் தையல் போட்டிருந்தேன். நெருக்கமாகப் போட்டால் உறுதி என்பது துணியின் கணக்கு. இங்கே தையலை எட்ட எட்டப் போட வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. குண்டூசியும் குத்தக்கூடாது. பிள்ளைகள் முடிக்குப் போடும் சின்ன கிளிப்புகளை எதிர் வீட்டில் கேட்டு வாங்கி, ஓரங்களைப் பிடித்துக்கொண்டேன்.

பாதத்தில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கத்தான் வழி தெரியவில்லை. முகப் பவுடர் தூவினேன். கொஞ்சம் நகர்ந்தது, ஆனால் துணியை நகர்த்தும் மிஷின் பல்லெல்லாம் பவுடர் போய் அடைத்துக்கொண்டது. அதைத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகு, பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துக் கொடுப்பார்களே, மெல்லிய தாள், அதை எடுத்துப் பிளாஸ்டிக்கின் மேலே பரப்பித் தைத்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தைத்து முடித்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். தையலுக்கு அடியில் சிக்கிய துணுக்குகளைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கினேன். பிறகு பாதத்தின் அடியிலேயே சொரசொரப்பான வெள்ளை டேப்பை ஒட்டி, ஊசி போக ஓட்டை விட்டுப் பார்த்தேன். தாள்கூட வேண்டியிருக்கவில்லை. அன்று நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் ஒரு துண்டை வெறுமனே ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறதைப் பார்க்கும் ஆசையில்.

தைத்ததும் சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். பழக்க தோஷம். பிளாஸ்டிக் ஊறுகாய் மாங்காய் மாதிரி சுருங்கிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியைச் சுரண்டியதில் ஒரு மத்தியானம் போனது.

அடுத்ததைக் கணவர் மாட்டிக்கொண்டு பேசினார். இரண்டு வாக்கியத்தில் பிளாஸ்டிக் முழுதும் ஆவி படிந்து, மார்கழிக் காலை பஸ் ஜன்னல் மாதிரி ஆகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தில் ஒரு துளியை உள்பக்கம் தடவி, காய்ந்ததும் மெல்லத் துடைத்தால் ஆவி படிவதில்லை என்று கண்டுபிடித்தோம். பிளாஸ்டிக் உதட்டில் ஒட்டுகிறது என்றார். அதற்கு, பிளவுஸில் டார்ட் பிடிப்பது போல ஓரத்தில் இரண்டு மடிப்புப் பிடித்து, கூடு மாதிரி முன்னால் தள்ளி நிற்கும்படி செய்தேன். மூச்சு முட்டுகிறது என்றார். ஜன்னலைச் சின்னதாக்கி, மூக்குப் பக்கமும் தாடைப் பக்கமும் துணியே இருக்கும்படி மாற்றினேன். அவர் பொறுமைக்குக் கோயில் கட்டலாம். வீட்டிலிருந்தே கலந்துகொள்ளும் ஆபீஸ் மீட்டிங்கிலும் அதையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க.

கடைசியில் ஒரு நாள் ஹாலின் அந்தக் கோடியில் நின்று, குரல் கொடுக்காமல், வாயை மட்டும் அசைத்தார்.

"இன்னிக்கு சாம்பார்ல உப்பு ஜாஸ்தி."

"தயிர் ஊத்திக்குங்க," என்றேன்.

அவர் சிரித்தது அந்த ஜன்னல் வழியாக எனக்கு முழுசாகத் தெரிந்தது. ஒரு பல், ஒரு மடிப்பு விடாமல் தெரிந்தது. இன்னொரு முறை சிரிக்கச் சொன்னேன். எத்தனையோ பிளவுஸ் தைத்திருக்கிறேன், எதற்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

எல்லோரும் மாஸ்க்கைத் தங்களுக்காகத் தைத்துக்கொண்டார்கள். நான் தைத்தது எதிரே நிற்கிறவர் போட்டுக்கொள்ள. அதில்தான் சிக்கலே. மீன்காரம்மாவிடம் முதலில் நீட்டினேன். துவைத்து, கவரில் போட்டு வைத்திருந்தேன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு தலையை ஆட்டி, கவரில் திருப்பிப் போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். இந்த முறை தெருவில் யாரும் இல்லை. தன் மாஸ்க்கை இறக்கி, வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் இரண்டு இல்லை.

"பல்லு பூட்ச்சு தங்கச்சி. மாஸ்க் வந்ததுல இருந்து நான் நிம்மதியா கீறேன். ஊருக்கே வாயத் தெறந்து காட்டச் சொல்றியே."

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. மறைக்கக் கிடைத்ததே என்று ஒருத்தி நிம்மதியாக இருந்திருக்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் வேண்டாம் அக்கா, அன்றைக்கு நீங்கள் அழுதீர்கள், எனக்கு என்னவென்று தெரியாமல் போய்விட்டது, அதனால்தான் தைத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் கவரைப் பிரித்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். காதுப் பக்க நாடா அவளுக்கு இறுக்கமாக இருந்தது, அதை நான்தான் இழுத்துவிட்டேன்.

"எங்கக்கா பூட்டா," என்றாள். "காசிமேட்ல. எங்கயும் போவ வுடல. மூஞ்சியக்கூடப் பாக்கல நானு."

பல் போன இடத்தில் நாக்கு வந்து வந்து போனது. ஒரு சொல்கூட எனக்குத் தப்பவில்லை. அக்காள் எப்படி அவளைத் தூக்கி வளர்த்தாள், யாருக்கு வாழ்க்கைப்பட்டாள், கடைசியாக எப்போது வந்தாள் என்பதெல்லாம் படியில் உட்கார்ந்து சொன்னாள். நான் அழுதேன். அவளும் அழுதாள். பிளாஸ்டிக்கில் ஆவி படியவில்லை என்பதையும், வெட்கமில்லாமல், கவனித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வரும்போது மட்டும் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். வேறு தெருவில் பழையது. அது அவள் இஷ்டம்.

மற்றவர்களைப் பற்றியெல்லாம் பெருமையாகச் சொல்ல முடியாது. பாங்க் காவலாளி வாங்க மறுத்தார். ஒரு பெண்மணி நான் விற்க வந்ததாக நினைத்துக் கையை வீசினார். மருந்துக் கடைக்காரர் வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். மறுமுறை போனபோது நானாக இழுப்பறையைக் காட்டினேன், எடுத்து மாட்டிக்கொண்டார், வரிசை காத்திருந்தது. காய்கறிக் கடைக்காரர் ஒரு பேச்சும் இல்லாமல் போட்டுக்கொண்டு, மல்லி வேணுமா என்று கேட்டார். தி. நகரில் கடைகள் திறந்ததும் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், மேஜை விரிப்பு விற்கிற கடையில், வளைந்தாலும் வெள்ளைக் கோடு விழாத தெளிவான பிளாஸ்டிக்கை மீட்டர் கணக்கில் வாங்கினேன். எந்தக் கனம் ஊசிக்குத் தோதானது என்று விரலால் தடவியே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். என் கைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். வேலைக்குத் தனியாகப் போக ஆரம்பித்தேன். பதிப்பாசிரியர், தேநீர் கொண்டுவருபவர், பைண்டிங் செய்கிறவர் எல்லோரும் அங்கே வாய் தெரியத்தான் இருந்தார்கள்.

கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்திருந்த சமயத்தில் ஒரு காலை, கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதற்கு முன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர் சொல்வதை அவர் கேட்டு எனக்குத் திருப்பிச் சொல்வார். என் பல்லுக்கும் அப்படித்தான், என் காய்ச்சலுக்கும் அப்படித்தான். இப்போது படுத்திருப்பது அவர். அடையாற்றில் இருக்கும் அவருடைய அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். அவர்கள் ஊரில் இல்லை, வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று பதில் வந்தது. ஆட்டோ பிடித்து நானே கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், அவர் பாதி மயக்கத்தில் இருந்தார். பெண் டாக்டர் ஒருவர் வேகமாக வந்தார், நடு வயது, கண்ணாடிக்குக் கீழே நீல மாஸ்க். என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நீலத் துணி அசைவது தெரிந்தது. நான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். எனக்குக் காது கேட்காது, வாயைப் பார்த்தால் புரிந்துகொள்வேன் என்றேன். அவர் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திரும்பி ஏதோ சொல்ல, அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: கூட வேறு யாராவது வந்திருக்கிறார்களா?

அந்தக் கேள்வியை வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது என்னைச் சுருட்டவில்லை.

"நான்தான் வந்திருக்கேன் டாக்டர்," என்றேன். "இதப் போட்டுக்கிட்டு எங்கிட்டயே சொல்லுங்க."

கைப்பையிலிருந்து எடுத்த கவரை நீட்டினேன். அவர் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். தையலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு வராந்தாவில் திறந்திருந்த ஜன்னல் பக்கம் என்னைக் கூப்பிட்டு, இரண்டு கை தூரம் தள்ளி நின்றுகொண்டு, நீல மாஸ்க்கைக் கழற்றி என்னுடையதை மாட்டிக்கொண்டார். மெல்லிய உதடுகள். ஒரு டாக்டருக்கு வேண்டிய அளவு நிதானமாகப் பேசும் உதடுகள் என்று தோன்றியது.

"குடல்வால் வீங்கியிருக்கு. வெடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும். இன்னிக்கே."

வயிற்றில் சின்ன ஓட்டை போட்டுச் செய்ய முடியுமா என்று கேட்டேன். அப்படித்தான் ஆரம்பிப்போம், உள்ளே நிலைமை மோசமாக இருந்தால் திறக்க வேண்டிவரும், அதற்கும் சேர்த்துத்தான் சம்மதம் கேட்கிறேன் என்றார். எவ்வளவு நேரம் ஆகும், விழிக்க எவ்வளவு நேரம், அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் தொந்தரவு உண்டா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். புரியாத ஒரு சொல்லை மறுபடி கேட்டேன், வேறு சொல் போட்டுச் சொன்னார். எந்த மருந்தாவது அவருக்கு ஒத்துக்கொள்ளாதா என்று டாக்டர் கேட்டபோது, முன்பு காலில் கம்பி குத்தியபோது போட்ட ஒரு ஊசியால் உடம்பெல்லாம் தடித்துப்போனதைச் சொன்னேன். மருந்தின் பெயரும் எனக்கு நினைவிருந்தது. மெய்ப்புப் பார்க்கிறவள், எழுத்துகள் மறக்காது. டாக்டர் உடனே நர்ஸைக் கூப்பிட்டுக் குறிப்பில் அதை எழுதி, எழுதியிருந்த வேறொன்றை அடித்துவிட்டார்.

சம்மதத் தாளை வாங்கிப் படித்தேன். எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுத்துக்கு எழுத்து தெரிந்து போட்டேன்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்காருகிறவர்கள் கதவின் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். எனக்கு அது இல்லை என்பதால் கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன். கழுத்து வலித்தது. கடைசியில் கதவு திறந்து அந்த டாக்டர் வந்தார். பச்சை உடை, தலையில் தொப்பி, வாயில் நீல மாஸ்க். என்னை நோக்கி இரண்டு அடி வைத்தவர் நின்றார். ஞாபகம் வந்தவர் மாதிரி திரும்பி உள்ளே போனார்.

அந்த ஒரு நிமிஷம் என் உயிர் என்னிடம் இல்லை. ஏதோ ஆகிவிட்டது, சொல்லத் தயங்கிப் போகிறார் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தபோது என் மாஸ்க்கைப் போட்டிருந்தார். கிட்டே வந்து, நின்று, என் கண்கள் தன் உதட்டுக்கு வரும்வரை காத்திருந்து சொன்னார்.

"நல்லபடியா முடிஞ்சுது. திறக்க வேண்டியிருக்கல."

கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கணவர் பிழைத்ததற்குத்தான் அழுதேன். அந்தச் செய்தி நேராக எனக்கே வந்து சேர்ந்ததற்கும் சேர்த்து அழுதேன் என்று சொன்னால் தப்பில்லை.

வார்டில் அந்த இளம் நர்ஸ் தனக்கும் ஒன்று வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை கட்டில் பக்கம் நின்று, காத்து பிரிஞ்சுதா என்று என்னிடம் கேட்டாள். உதட்டில் அது எனக்கு என்னென்னவோ மாதிரி வந்தது. இரண்டு முறை சொல்லியும் புரியாமல் நான் விழிக்க, அவள் கன்னத்தை உப்பி, கையைப் பின்னால் வைத்து விசிறிக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரரே சிரித்துவிட்டார். என் கணவர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க முடியாமல் சிரித்தார். பிரிந்தது என்று உறுதியானதும் இளநீர் கொடுக்க அனுமதி கிடைத்தது. அந்தப் பக்கத்துக் கட்டில்காரருக்கு வயதாகிக் காது மந்தம்; அவருக்காகவும் நர்ஸ் என் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பேசினாள். வார்டுக்கு இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் வெட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் முழுதையும் தைத்து அனுப்பினேன். ஒவ்வொன்றின் தையலையும் இழுத்துப் பார்த்துத்தான் கவரில் போட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த மாலை கணவருடைய அண்ணனும் அண்ணியும் பழங்களோடு வந்தார்கள். நல்லவர்கள். ஆனால் எத்தனை வருஷமாகியும் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்பார்கள். அவள் சாப்பிட்டாளா, அவளுக்கு இது பிடிக்குமா என்று, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. அன்றும் அண்ணன் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, டாக்டர் என்ன சொன்னார், என்ன செய்தார்கள் என்று அவரிடம்தான் கேட்கிறார் என்பதை, மாஸ்க் மறைத்தாலும், ஊகிக்க முடிந்தது.

அவர் தலையணையில் சாய்ந்தபடி, என் பக்கம் கையைக் காட்டினார்.

"எனக்கு என்ன தெரியும், நான் மயக்கத்துல இருந்தேன். அவளக் கேளுங்க. எல்லாம் அவதான் பேசினா."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் முதலிலிருந்து சொன்னேன். ஸ்கேனில் என்ன தெரிந்தது, ஏன் அன்றே செய்ய வேண்டியிருந்தது, எந்த மருந்தை மாற்றினார்கள், எப்போது தையல் பிரிப்பார்கள் என்பதுவரை சொன்னேன். என் குரல் தட்டையாகத்தான் இருந்திருக்கும். நடுவில் யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

சொல்லி முடித்ததும் அண்ணி எழுந்தார். மிஷின் மேஜையில் மிச்சமிருந்த மாஸ்க்குகளில் ஒன்றை எடுத்து, தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியில் பார்த்து நேராக்கிக்கொண்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவருடைய வாயை நான் அவ்வளவு நேராகப் பார்த்ததே இல்லை.

"தனியா இருந்தியே. பயமா இல்லையா உனக்கு?"

"இருந்துது அக்கா," என்றேன். "ஆனா அவங்க சொன்னது எல்லாம் புரிஞ்சுது."

அவர் தலையசைத்தார். பிறகு மாஸ்க்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, இந்தப் பிளாஸ்டிக்கை மிஷினில் எப்படி ஓட்டினாய் என்று கேட்டார். எழுந்து போய் மிஷினின் பாதத்தைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினேன்.